பிளானரும் டைனமிக்கும்: காதில் கேட்கும் வேறுபாடு எங்கிருந்து வருகிறது

காவேரிப்பட்டணத்துக்கு அருகே ஓர் ஊரில், மாரியம்மன் திருவிழாவின்போது கையடக்க ரெக்கார்டரில் நான் பதிவு செய்த பம்பை இசை ஒன்று என்னிடம் இருக்கிறது. பம்பை என்பது சேர்த்துக் கட்டிய இரண்டு உருளை மேளங்கள். ஒன்று மரத்தாலானது, மற்றொன்று உலோகத்தாலானது. மரப் பம்பையில் கனத்த முழக்கமும் உலோகப் பம்பையில் குச்சி விழும்போது எழும் கூர்மையான வெட்டும் ஒரே நொடியில் கலந்து வருவதால், ஹெட்போனைச் சோதிக்க அதைவிடப் பொருத்தமான பதிவு எனக்குக் கிடைத்ததில்லை. கிருஷ்ணகிரியில் என் வீட்டு மேசையில் திறந்த வகை (கிண்ணத்தின் வெளிப்புறம் மூடப்படாத) டைனமிக் ஹெட்போன் ஒன்றும் திறந்த வகை பிளானர் ஹெட்போன் ஒன்றும் பல மாதங்களாக அருகருகே இருக்கின்றன. இரண்டிலும் இந்தப் பதிவை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். முதலில் கேட்டவுடன் நான் வந்து சேர்ந்த முடிவுகளில் பாதி, பின்னர் அளந்து பார்த்தபோது நிற்கவில்லை.

பிளானர், டைனமிக் என்பவை டிரைவரின், அதாவது ஹெட்போனுக்குள் ஒலியை எழுப்பும் பாகத்தின், இரு வகைகள். பிளானர் என்றால் வேகம், தெளிவு, ஆழமான பேஸ் (தாழ்ந்த ஒலி) என்றும், டைனமிக் என்றால் கனம், இதம், குரலில் உயிர் என்றும் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. இந்த வருணனைகளைச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கேட்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்டதற்கான காரணமாக அவர்கள் காட்டுவது பெரும்பாலும் தவறான இடம். சவ்வு மெல்லியதாக இருப்பதால் ஒலி வேகமாக வருகிறது என்ற விளக்கம் எளிதாக மனத்தில் பதிகிறது, ஆயினும் உண்மையில் நடப்பது வேறு. டிரைவரின் வகையிலிருந்தே பிறக்கும் வேறுபாடுகள் சில உண்டு. வடிவமைத்தவரின் தெரிவிலிருந்து பிறக்கும் வேறுபாடுகள் பல உண்டு. கேட்கும் முறையில் நாம் செய்யும் பிழையால் தோன்றுபவையும் உண்டு. இவற்றைப் பிரித்தறியாமல் பணத்தைக் கொடுத்துவிட்டால் பின்னர் வருந்த நேரும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

டைனமிக் டிரைவரின் அமைப்பை எனக்குச் சரியாகப் புரியவைத்தது ஒரு மோட்டார் காயில் (கம்பிச்சுருள்) கட்டும் கடை. கிணற்று மோட்டாரும் சப்மெர்சிபிளும் எரிந்துபோனால் உழவர்கள் கொண்டுவந்து கொடுக்கும் கடை அது. பழுதாகி வீட்டில் கிடந்த ஒரு டைனமிக் ஹெட்போனை அங்கே எடுத்துச் சென்று பிரித்தோம். கடைக்காரர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுவும் நம்ம வேலைதாங்க, கம்பிதான் முடி மாதிரி சன்னமா இருக்குது" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. காந்தப் புலத்துக்குள் இருக்கும் கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் அந்தக் கம்பியின் மீது ஒரு விசை பிறக்கிறது. புலத்தின் வலிமை, மின்னோட்டம், புலத்துக்குள் இருக்கும் கம்பியின் நீளம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் அந்த விசை கிடைக்கும். மோட்டாரில் அது சுழற்சியாக வெளிப்படுகிறது, ஹெட்போனில் முன்னும் பின்னுமான அசைவாக வெளிப்படுகிறது. டைனமிக் டிரைவரில் அந்தக் கம்பி ஒரு சிறு வளையமாகச் சுற்றப்பட்டு, வட்டமான காந்த இடைவெளிக்குள் தொங்குகிறது. அதன் மேல் முனையில் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு ஒட்டப்பட்டிருக்கிறது. காயில் தள்ள, சவ்வு நகர, காற்று அசைகிறது. 1937-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் டி.டி. 48 என்ற டைனமிக் ஹெட்போனை வெளியிட்டது முதல் இன்று வரை இந்த அடிப்படை மாறவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, விசை பிறக்கும் இடமும் காற்றை அசைக்கும் இடமும் வெவ்வேறு என்பதுதான். விசை காயிலின் வளையத்தில் மட்டும் பிறக்கிறது. சவ்வின் நடுப்பகுதியும் விளிம்பும் அந்த வளையத்தால் இழுத்துச் செல்லப்படுகின்றன. தாழ்ந்த அதிர்வெண்களில் சவ்வு முழுவதும் ஒன்றாக நகர்ந்துவிடும். உயர்ந்த அதிர்வெண்களில் சவ்வின் ஒரு பகுதி முன்னால் போகும்போது மற்றொரு பகுதி பின்னால் போகத் தொடங்கும். அதை அடக்குவதற்காகவே சவ்வில் வரிப்பள்ளங்களை அமைப்பது, பெரிலியம் போன்ற விறைப்பான உலோகத்தைப் பயன்படுத்துவது, 2009-இல் சென்ஹைசர் எச்.டி. 800-இல் செய்ததுபோல் சவ்வையே நடுவில் துளையுள்ள வளைய வடிவில் அமைப்பது என்று பல வழிகள் கையாளப்பட்டிருக்கின்றன.

பிளானரில் தனிக் காயில் கிடையாது. சில மைக்ரான் தடிமன் மட்டுமே உள்ள ஒரு பிளாஸ்டிக் படலத்தின் மீது, மெல்லிய உலோகத் தடம் முன்னும் பின்னுமாக, ஏர் ஓட்டிய வயலில் சால் திரும்புவதுபோல், வளைந்து வளைந்து பதிக்கப்பட்டிருக்கிறது. படலத்தின் இருபுறமும், சில மாதிரிகளில் ஒருபுறம் மட்டும், நீண்ட காந்தச் சட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. மின்னோட்டம் பாயும்போது படலத்தின் பெரும்பகுதி முழுவதும் ஏறத்தாழ சமமாகத் தள்ளப்படுகிறது. எழுபதுகளில் இங்கிலாந்தின் வார்ஃபடேல் நிறுவனம் இதற்கு ஐசோடைனமிக் என்று பெயரிட்டதன் பொருள் இதுவே, 1976-இல் எச்.பி. 1 என்ற மாதிரியை வெளியிட்ட யமஹா இதை ஆர்த்தோடைனமிக் என்று அழைத்தது. அன்றைய ஃபெர்ரைட் காந்தங்களின் வலிமை போதாமல் அவை அதிக மின்திறனைக் கேட்டன. எண்பதுகளில் நியோடிமியம் காந்தம் வந்து, பின்னர் விலை குறைந்து பரவிய பிறகுதான், 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆடிஸ், ஹைஃபைமேன் ஆகிய நிறுவனங்களால் பிளானர் மீண்டும் தலையெடுத்தது.

இனி ஒலிக்கு வருவோம். இரண்டு வகைக்கும் இடையே எவரும் எளிதில் உணரக்கூடிய, வகையிலிருந்தே பெரும்பாலும் பிறக்கின்ற வேறுபாடு அடிமட்ட பேஸில் இருக்கிறது. திறந்த வகை டைனமிக் ஹெட்போன் பலவற்றில் சுமார் 100 ஹெர்ட்ஸ் அளவில், அதாவது நொடிக்கு 100 அதிர்வுகள் அளவில், ஒலி சற்று உயர்ந்து ஒரு சிறு மேடு இருக்கும். அதற்குக் கீழே 60, 40, 20 என்று இறங்க இறங்க ஒலி வலுவிழந்துகொண்டே போகும். நல்ல திறந்த வகை பிளானரிலோ அந்த இறக்கம் இல்லாமல், 30 ஹெர்ட்ஸுக்கும் கீழே வரை அளவீட்டுக் கோடு ஏறத்தாழ சமமாக நீள்வது வழக்கம். இதற்குப் படலத்தின் இலேசு காரணமல்ல. டைனமிக்கில் 40 மி.மீ. அளவுள்ள ஒரு டிரைவர் ஒரு பெரிய தட்டின் நடுவில் பொருத்தப்பட்டிருக்கிறது. டிரைவரின் அதிர்வை அடக்கவும் ஒலியைச் சீராக்கவும் அந்தத் தட்டில் காற்று கசியும் திறப்புகள் விடப்படுகின்றன. மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் சவ்வின் முன்புறக் காற்றழுத்தம் அந்தத் திறப்புகள் வழியே பின்புறத்துக்கு நழுவி, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பிளானரில் படலமே காதுக் கிண்ணத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு நிற்பதால் அப்படி நழுவ வழி குறைவு. காதுக்கும் படலத்துக்கும் இடையே உள்ள காற்று அடைபட்ட பெட்டிபோல் இருக்க, படலம் எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு அழுத்தம் காதுக்கு வந்து சேர்கிறது.

ஆகவே டைனமிக்கில் ஆழமான பேஸ் வராது என்று பொதுவாகச் சொல்வது தவறு. பேயர்டைனமிக்கின் டி.டி. 770 போன்ற மூடிய வகை டைனமிக்குகள் அடிமட்டம் வரை நன்றாகவே இறங்குகின்றன. வேறுபாடு திறந்த வகைகளை ஒப்பிடும்போதுதான் துலக்கமாகத் தெரிகிறது.

இந்த வேறுபாடு உங்கள் இசையில் எந்த அளவுக்குப் பயன்படும் என்பது வேறு கேள்வி, அதைப் பலர் கேட்டுக்கொள்வதே இல்லை. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் ஆதார ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். அவர் மந்திர பஞ்சமத்துக்கு இறங்கினாலும் 98 ஹெர்ட்ஸ்தான் ஆகிறது. ஐந்து கட்டையில் பாடும் பெண் பாடகரின் ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். இந்தக் குரல்களின் அடிச்சுரங்கள் எதுவும் திறந்த வகை டைனமிக் தளரும் இடத்துக்குப் போவதே இல்லை. மாறாக, அந்த மந்திர பஞ்சமம் டைனமிக்கின் 100 ஹெர்ட்ஸ் மேட்டின் மீதே சரியாக வந்து அமர்கிறது. டைனமிக்கில் குரலுக்கு ஓர் இதம் இருக்கிறது என்று கச்சேரி கேட்பவர்கள் சொல்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று நான் கருதுகிறேன். மின்கருவிகளால் அமைக்கப்பட்ட திரையிசைக்கு வந்தால் கணக்கு மாறிவிடுகிறது. பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது; சிந்தசைசரில் அமைக்கப்படும் பேஸ் அதற்கும் கீழே போகும். திறந்த வகை டைனமிக்கில் அந்தச் சுரத்தின் மேல் ஒத்திசைகள் (அதன் மடங்கு அதிர்வெண்கள்) நன்றாகக் கேட்கும், அதன் அடி வலுவிழந்தே கேட்கும். பிளானரில் அடியும் நன்றாகக் கேட்கும். என் பம்பைப் பதிவில் மரப் பம்பையின் முழக்கம் டைனமிக்கில் வட்டமாக, நெருக்கமாகக் கேட்கிறது. பிளானரில் அந்த முழக்கத்துக்குக் கீழே, மைதானத்தில் இருந்த ஜெனரேட்டரின் உறுமலும் சேர்ந்து கேட்கிறது. பல மாதங்கள் டைனமிக்கில் மட்டும் கேட்டிருந்த எனக்கு அந்த உறுமல் பதிவில் இருப்பதே தெரியாது.

பேஸைப் பற்றிய இன்னொரு உண்மையான வேறுபாடு, ஒலிச்சிதைவு. சவ்வின் விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகிறது. அதே அளவு காற்றைத் தள்ளுவதற்கு நான்கில் ஒரு பங்கு தூரம் அசைந்தால் போதும். பெரிய படலத்தைக் கொண்ட பிளானர் மிகக் குறைவாக அசைகிறது, எப்போதும் காந்தப் புலத்தின் சீரான பகுதியிலேயே இருக்கிறது. டைனமிக்கில் பலத்த பேஸ் வரும்போது காயில் இடைவெளியின் விளிம்பு வரை சென்று, புலம் தளர்ந்த இடத்தை எட்டிவிடுகிறது. சவ்வின் மடிப்பும் நீட்சியின் எல்லைக்கு வந்துவிடுகிறது. அப்போது மூல ஒலியில் இல்லாத ஒத்திசைகள் புதிதாகச் சேர்கின்றன. அளவீடுகளில் இது தெளிவாகத் தெரியும். ஆனால் தாழ்ந்த அதிர்வெண்களில் நம் காது சிதைவைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. சில விழுக்காடு வரை அது கலந்திருந்தாலும் இசையின் நடுவே பிடிபடுவது கடினம். எனவே மிதமான ஒலியளவில் கேட்பவருக்கு இது தீர்மானிக்கும் காரணியாக இராது. ஈக்வலைசர் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) கொண்டு பேஸை ஆறு டெசிபல் உயர்த்திக் கேட்பவருக்கு இருக்கும்.

சிதைவு குறைவு என்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஒலி அதிகமாகிவிட்டது என்று நமக்கு எச்சரிக்கும் குறிகளில் ஒன்று அந்தக் கரகரப்புதான். அது இல்லாதபோது கை இன்னும் கொஞ்சம் கூட்டிவிடுகிறது. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் பாதுகாப்பான எல்லை. இதைப் பிளானர் வாங்குபவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இப்போது 'வேகம்' என்ற சொல்லுக்கு வருகிறேன், ஏனென்றால் குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. மெல்லிய படலம் சட்டென்று நகர்ந்து சட்டென்று நிற்கும், கனமான காயிலை இழுத்துக்கொண்டு போகும் சவ்வு தயங்கித் தயங்கி நகரும் என்று ஒரு படம் நம் மனத்தில் வரையப்பட்டிருக்கிறது. முதலாவதாக, பிளானர் படலத்தின் பரப்பு பெரியது, அதன் மேல் உலோகத் தடமும் இருக்கிறது. எனவே அசையும் மொத்த எடை டைனமிக்கைவிடக் குறைவாக இருந்தே தீரும் என்ற உறுதி இல்லை. இரண்டாவதாக, ஒரு ஹெட்போன் 15,000 ஹெர்ட்ஸ் ஒலியைச் சரியான அளவில் எழுப்புகிறது என்றால், நொடிக்கு 15,000 முறை முன்னும் பின்னும் சென்று திரும்பும் வேகம் அதற்கு ஏற்கெனவே இருக்கிறது என்றுதான் பொருள். பம்பையின் மீது விழும் அடி எவ்வளவு கூர்மையாக எழ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை அந்த உயர் அதிர்வெண்கள்தாம். அவற்றை உரிய அளவில் தரும் டைனமிக், பிளானருக்கு எந்த விதத்திலும் பின்தங்கியதல்ல.

ஒலியியலில் இதற்கு ஓர் உறுதியான அடிப்படை இருக்கிறது. ஹெட்போன்கள், கேட்கும் வரம்பின் பெரும்பகுதியில், 'குறைந்தபட்சக் கட்டம்' என்ற வகையைச் சேர்ந்த அமைப்புகளாகவே நடந்துகொள்கின்றன. அத்தகைய ஓர் அமைப்பின் அதிர்வெண் வளைவு (எந்த அதிர்வெண்ணை எவ்வளவு பலமாகத் தருகிறது என்று காட்டும் கோடு) நமக்குத் தெரிந்தால், ஒரு தட்டலுக்கு அது எப்படி எழும், எப்படி அடங்கும் என்பதை அந்த வளைவிலிருந்தே கணக்கிட்டுவிடலாம். அதாவது, வளைவில் மேடு இருக்கும் இடத்தில் ஒலி சற்று நீடிக்கும்; மேட்டை ஈக்வலைசரால் சமன்செய்தால் நீடிப்பும் கூடவே போய்விடும். காலம் தனி, அதிர்வெண் தனி என்று இரண்டு குணங்கள் அங்கே இல்லை. பிளானரின் பேஸ் 'இறுக்கமாக' இருக்கிறது என்று நாம் சொல்வது, 100 ஹெர்ட்ஸ் மேடு அங்கே இல்லை என்பதற்கு நாம் வைத்த இன்னொரு பெயர்தான்.

நான் இதை நேரில் சோதித்தேன். டைனமிக்கின் 100 ஹெர்ட்ஸ் மேட்டை ஈக்வலைசரில் மூன்று டெசிபல் குறைத்து, 40 ஹெர்ட்ஸைச் சுற்றி உயர்த்தி, 2,000-க்கும் 5,000-க்கும் இடையே பிளானரின் வளைவுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்த பிறகு, அதுவரை பிளானருக்கே உரியது என்று நான் நம்பியிருந்த பம்பையின் அந்தச் 'சுறுக்' டைனமிக்கிலும் வந்துவிட்டது. இரண்டும் ஒன்றாகிவிட்டன என்று சொல்லமாட்டேன். ஆனால் இடைவெளியின் பெரும்பகுதி அங்கேயே அடைபட்டுவிட்டது.

ஷான் ஆலிவ் தலைமையில், ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2012-ஐ ஒட்டித் தொடங்கிச் செய்த கேட்டல் சோதனைகளும் இதே திசையையே காட்டுகின்றன. வெவ்வேறு ஹெட்போன்களை மாற்றி மாற்றி அணிவித்தால், எடையும் மெத்தையின் தொடுகையும் எது எதுவென்று காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அவர்கள் ஒரே ஹெட்போனில், ஈக்வலைசர் வழியாக, மற்ற ஹெட்போன்களின் வளைவுகளைப் பாவனை செய்து கேட்கவைத்தனர். கேட்டவர்களின் விருப்பத்தைப் பெருமளவு தீர்மானித்தது அதிர்வெண் வளைவே. அந்த ஆய்வுகளிலிருந்து பிறந்த ஹார்மன் இலக்கு வளைவைத்தான் இன்று பல நிறுவனங்களும் விமர்சகர்களும் அளவுகோலாக வைத்திருக்கின்றனர். அதில் 3,000 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு பெரிய ஏற்றம் இருக்கும். மனிதக் காதுக்குழாய் சுமார் 25 மி.மீ. நீளமுள்ள, ஒருமுனை மூடிய குழல்; அது இயல்பாகவே அந்த அதிர்வெண்ணைப் பெரிதாக்குகிறது. எதிரே ஒருவர் பேசும்போது நாம் கேட்கும் குரலில் அந்த ஏற்றம் அடங்கியிருப்பதால், ஹெட்போனும் அதைத் தந்தால்தான் குரல் இயல்பாகக் கேட்கும். பிளானர்கள் சிலவற்றில் 1,500-க்கும் 2,500-க்கும் இடையே ஒரு தாழ்வு வைக்கப்படுகிறது. பாடகர் இரண்டு அடி பின்னால் தள்ளி நிற்பதுபோல் அப்போது தோன்றும். அதையே 'விசாலமான மேடை' என்று பலர் போற்றுகிறார்கள். என் தனிப்பட்ட கருத்தில் அது குரலுக்கு இழைக்கப்படும் அநீதி. தெருக்கூத்துப் பதிவு ஒன்றை அப்படி ஒரு ஹெட்போனில் கேட்டால், முகவீணையும் தாளமும் முன்னால் நிற்க, கட்டியங்காரனின் குரல் திரைக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் இருக்கும்.

டிரெபிளில் (உயர்ந்த ஒலிகளில்) பிளானருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. படலத்துக்கும் காதுக்கும் நடுவே காந்தச் சட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. உயர்ந்த அதிர்வெண்களின் அலைநீளம் சில சென்டிமீட்டர்தான். சட்டங்களின் அகலமும் அவற்றுக்கிடையே உள்ள சந்துகளும் அந்த அளவை நெருங்கும்போது ஒலி அவற்றில் மோதித் திரும்பி, வளைந்து, ஒன்றோடொன்று குறுக்கிடுகிறது. அதனால் பிளானர்களின் வளைவில் மேற்பகுதி பெரும்பாலும் பல்லுப் பல்லாகத் தெரியும். ஆடிஸ் இதற்காக ஃபேஸர் என்ற ஒலி வழிகாட்டியைக் காந்தங்களின் மேல் பொருத்துகிறது. ஹைஃபைமேன் காந்தச் சட்டங்களின் விளிம்பை வளைத்து, ஒலி தடையின்றிச் செல்லுமாறு அமைக்கிறது. மேலும், எங்கும் சமமாகத் தள்ளப்படும் படலம் முழுக்க ஒரே தட்டாக நகரும் என்பதும் முழு உண்மையல்ல. அதன் விளிம்புகள் இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால் அதற்கும் தனக்கே உரிய அதிர்வுமுறைகள் உண்டு. இத்தகைய குறுகிய மேடுகளும் பள்ளங்களும் தலைக்குத் தலை, காதுக்குக் காது மாறுபடும். ஈக்வலைசரால் எளிதில் திருத்தவும் முடியாது. நான் ஈக்வலைசர் வைத்துச் சோதித்த பிறகும் எஞ்சி நின்ற வேறுபாட்டில் பெரும்பங்கு இங்கேதான் இருந்தது. உலோகப் பம்பையின் குச்சியடியில், பிளானரில் ஒரு மினுமினுப்பான மேல்பூச்சு இருந்துகொண்டே இருந்தது. முதல் அரைமணி நேரம் அது நுணுக்கமாகத் தோன்றியது. இரண்டாவது மணி நேரத்தில் களைப்பைத் தந்தது.

ஒப்பிடும் முறையில் நேரும் பிழைகளில் மிகப் பெரியது ஒலியளவைச் சமன்செய்யாமல் கேட்பது. இரண்டு ஒலிகளுக்கிடையே ஒரு டெசிபல் வேறுபாடு இருந்தால், கூடுதலாக இருப்பதை நாம் 'சத்தம் அதிகம்' என்று உணர்வதில்லை, 'தெளிவு அதிகம்' என்றே உணர்கிறோம். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்களைப் பார்த்தால் பிளானர் மெதுவாகத்தான் ஒலிக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஹைஃபைமேன் எச்.இ. 400 எஸ்.இ.யின் மின்தடை 25 ஓம், உணர்திறன் 91 டெசிபல், சென்ஹைசர் எச்.டி. 650-க்கு 300 ஓம், 103 டெசிபல். ஆனால் முதல் எண்ணை ஒரு மில்லிவாட் மின்திறனுக்கானதாகவே கொள்ள வேண்டும், இரண்டாவது எண் ஒரு வோல்ட் மின்னழுத்தத்துக்கானது. 25 ஓமில் ஒரு வோல்ட் கொடுத்தால் 40 மில்லிவாட் ஆகிறது, அது 16 டெசிபல் கூடுதல். எனவே அந்தப் பிளானர் ஒரு வோல்ட்டில் 107 டெசிபல் தரும். ஆம்பின் (ஹெட்போனை இயக்கும் ஒலிபெருக்கிக் கருவியின்) குமிழை ஒரே இடத்தில் வைத்துவிட்டு ஹெட்போனை மட்டும் மாற்றினால் பிளானர் நான்கு டெசிபல் கூடுதலாக ஒலிக்கும். கடையில் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்ப்பவர், பிளானர்தான் உயிரோட்டமாக இருக்கிறது என்று முடிவு செய்வதற்கு இதுவே போதும்.

அதே கணக்கு ஆம்பைப் பற்றியும் சொல்கிறது. 110 டெசிபல் உச்சத்தைத் தொட அந்த டைனமிக்குக்கு 2.2 வோல்ட் வேண்டும், மின்னோட்டமோ எட்டு மில்லிஆம்பியருக்குள் அடங்கிவிடும். பிளானருக்கு 1.4 வோல்ட் போதும், ஆனால் 56 மில்லிஆம்பியர் வேண்டும். ஒன்று அழுத்தத்தைக் கேட்கிறது, மற்றொன்று ஓட்டத்தைக் கேட்கிறது. கிணற்று மோட்டார் ஓட்டுபவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. பிளானருக்குப் பெரிய ஆம்ப் கட்டாயம் என்ற நம்பிக்கை, 83.5 டெசிபல் மட்டுமே உணர்திறன் கொண்ட ஹைஃபைமேன் எச்.இ. 6 போன்ற மாதிரிகளுக்குப் பொருந்தும். இன்றைய மலிவு விலைப் பிளானர்களில் பலவற்றை போனில் செருகும் நல்ல டாங்கிள் (சிறு ஆம்ப்) ஒன்று மிதமான ஒலியளவுக்குத் தாராளமாகவே இயக்கிவிடும்.

ஆம்பின் வெளியீட்டு மின்தடை இன்னொரு விதத்தில் குறுக்கே வருகிறது. டைனமிக்கில் காயிலும் சவ்வும் ஒத்ததிர்வில் ஆடும்போது மின்மறுப்பு (மாறும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) உயர்கிறது. 300 ஓம் என்று எழுதப்பட்ட ஹெட்போன் 100 ஹெர்ட்ஸை ஒட்டி 500 ஓமை நெருங்கலாம். பழைய ரிசீவர்களில் இருப்பதுபோல் 120 ஓம் வெளியீட்டு மின்தடை கொண்ட ஆம்பில் அதை மாட்டினால், அந்த இடத்தில் மட்டும் ஏறத்தாழ ஒரு டெசிபல் கூடிவிடும். ஏற்கெனவே உள்ள மேடு இன்னும் உயரும். பிளானரின் மின்மறுப்பு எல்லா அதிர்வெண்களிலும் ஒரு சாதாரண மின்தடைபோல் மட்டமாக இருப்பதால், அதே ஆம்பில் ஒலியளவு குறையுமே தவிர ஒலியின் நிறம் மாறாது. ஆம்பை மாற்றினால் ஹெட்போனின் குணமே மாறுகிறது என்று சிலரும், எதுவும் மாறவில்லை என்று சிலரும் வாதிடுவதற்கு, இருவரும் வெவ்வேறு வகை ஹெட்போனை வைத்திருப்பதே பல நேரங்களில் காரணம்.

மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பிளானரின் ஆழமான பேஸ் காதைச் சுற்றி மெத்தை நன்றாக அடைத்துக்கொள்வதை நம்பியே இருக்கிறது. என் கண்ணாடியின் காம்பு மெத்தைக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு சிறு சந்தை உண்டாக்கியவுடன், பதிவில் ஜெனரேட்டரின் உறுமல் மறைந்துவிட்டது. டைனமிக்கில் கண்ணாடியோடும் இல்லாமலும் கேட்டதில் அவ்வளவு பெரிய மாற்றத்தை நான் உணரவில்லை. அதன் பேஸ் முன்பே ஓரளவு கசிவோடுதானே வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

எடையும் வெயிலும் எங்கள் மாவட்டத்தில் சிறிய விஷயங்கள் அல்ல. நான் மேலே குறிப்பிட்ட பிளானர் 390 கிராம், டைனமிக் 260 கிராம். காந்தச் சட்டங்கள் இரண்டு வரிசை இருக்கும் பெரிய பிளானர்களில் அரைக் கிலோவைத் தாண்டியவையும் உண்டு. சித்திரை வெயிலில் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாது. மின்விசிறியை ஓட்டினால் திறந்த வகை ஹெட்போனுக்குள் அதன் இரைச்சல் தடையின்றி நுழைகிறது. நெடுஞ்சாலையை ஒட்டிய வீடு என்றால் இரவு முழுவதும் லாரிகளின் தாழ்ந்த உறுமல் வேறு. இந்த இரைச்சல்கள் எல்லாம் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால், பிளானர் கூடுதல் விலைக்குத் தரும் அந்த அடிமட்ட பேஸைத்தான் அவை முதலில் மூடிவிடுகின்றன. நான் பிளானரை விடியற்காலை நாலரை மணிக்கு, விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். பகலில் கையில் எடுப்பது டைனமிக்கைத்தான்.

எங்கள் ஊரிலோ தருமபுரியிலோ இவற்றைக் காதில் மாட்டிக் கேட்டுப் பார்த்து வாங்க வசதி இல்லாததால், சுமார் 90 கி.மீ. தொலைவில் உள்ள பெங்களூருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அண்மையில் ஓசூரில் வேலை செய்யும் என் தங்கை மகன் அப்படிப் புறப்பட்டபோது, "எதைக் கேட்டுப் பார்க்கணும் மாமா?" என்று கேட்டான். கடையில் ஓட்டும் பாடலைக் கேட்காமல் தனக்கு நூறு முறை பழகிய பதிவைத் தன் போனிலேயே கொண்டுபோகும்படியும், கண்ணாடியைக் கழற்றாமல் கேட்கும்படியும், ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஒரே குரலைக் கேட்டு அது ஒரே உயரத்துக்கு வரும்வரை குமிழைத் திருப்பும்படியும், ஒவ்வொன்றையும் குறைந்தது இருபது நிமிடம் தலையிலேயே வைத்திருக்கும்படியும் சொன்னேன். பம்பைப் பதிவையும் அவன் போனில் ஏற்றிக் கொடுத்தேன். அவன் திரும்பி வந்தபோது கையில் ஒரு மூடிய வகை டைனமிக் இருந்தது. அவன் தங்கியிருக்கும் அறையில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள், திறந்த வகை எதுவும் அங்கே ஆகாது என்பதை அவன் கடையிலேயே கணக்குப் போட்டுவிட்டிருந்தான். ஜெனரேட்டரின் உறுமல் அதிலும் கேட்டது என்றான்.